ஹாரியட் டப்மன்: 13 பயணம், 70 உயிர். எப்படிச் செய்தார்?

செங்கதிர்

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி, மற்ற அடிமைகளையும் மீட்டவர் ஹாரியட் டப்மன். அவர் பற்றித் தமிழில் கண்ணில் படுவது பெரும்பாலும் மூன்றே வரிதான். 19 முறை போனார், 300 அடிமைகளை மீட்டார், அவர் தலைக்கு 40,000 டாலர் விலை வைத்தார்கள். கூடவே, "ஆயிரம் பேரை விடுவித்தேன், தாங்கள் அடிமைகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் இன்னும் ஆயிரம் பேரை விடுவித்திருப்பேன்" என்று ஒரு மேற்கோள்.

அவர் எப்படிச் செய்தார் என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஐந்தடி உயரம். எழுதப் படிக்கத் தெரியாது. பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழ வைக்கும் நோய் வேறு. அப்படிப்பட்டவர் அடிமைமுறை இருந்த மேரிலாந்து மாநிலத்துக்குள் திரும்பத் திரும்பப் போய் ஆட்களைக் கூட்டி வந்திருக்கிறார். எந்த வழி, எந்த மாதம், யார் சோறு போட்டார்கள், குழந்தை அழுதால் என்ன செய்தார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எண்ணிக்கையிலிருந்து தொடங்கினாலும் சரி.

பழைய ஏடு

எண்ணிக்கையை முதலில் நேர்செய்துவிடலாம். 19 பயணம், 300 பேர் என்பது 1868-ல் சாரா பிராட்ஃபோர்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து பரவியது. ஹாரியட்டுக்குப் பணம் திரட்டிக் கொடுக்க அவசரமாக எழுதிய நூல் அது. நோக்கம் நல்லதுதான், ஆனால் எண்கள் கூடிப்போயின. 1858, 59 வாக்கில் ஹாரியட்டே கூட்டங்களில் சொன்னது எட்டு ஒன்பது பயணம், ஐம்பது அறுபது பேர் என்றுதான். அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்து, பெயர் பெயராகச் சரிபார்த்த ஆய்வாளர்கள் வந்து நிற்பது ஏறக்குறைய 13 பயணம், 70 பேர். வழி சொல்லிக் கொடுத்து, தாங்களாகவே தப்பிப்போக வைத்தவர்கள் இன்னொரு 50, 60 பேர் இருப்பார்கள்.

40,000 டாலர் எந்த விளம்பரத்திலும் இல்லை. அந்தத் தொகை 1867-ல் ஒரு ஆதரவாளர் எழுதிய கடிதத்தில் வந்தது. உண்மையில் நம் கையில் இருக்கும் விளம்பரம் ஒன்றுதான், 1849 அக்டோபர் 3 தேதியிட்டது. எலைசா பிராடஸ் என்ற உடைமைக்காரி கொடுத்தது. "மின்ட்டி, வயது சுமார் 27, செம்பழுப்பு நிறம், பார்க்க லட்சணமானவள், உயரம் சுமார் 5 அடி." கூட ஓடிய தம்பிகள் பென், ஹென்றி பெயரும் அதில் உண்டு. மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர், உள்ளேயே பிடித்தால் 50. அராமின்டா ராஸ் என்பது பிறந்தபோது வைத்த பெயர், மின்ட்டி அதன் சுருக்கம். ஆட்களைத் தப்ப வைக்கிற "மோசஸ்" என்று அடிமைகளுக்குள் பேசப்படும் ஆள் இந்த மின்ட்டிதான் என்பது மேரிலாந்தின் டார்செஸ்டர் வட்டாரத்து முதலாளிகளுக்குத் தெரிந்ததற்கே சான்று இல்லை. தெரியாத ஆள் தலைக்கு எப்படி விலை வைப்பார்கள்? ஒப்பிட ஒரு கணக்கு: 1859-ல் நியூயார்க் மாநிலத்து ஆபர்னில் அவர் வாங்கிய ஏழு ஏக்கர் பண்ணைக்கு விலை 1,200 டாலர்.

அந்த "ஆயிரம் பேர்" மேற்கோள் அவர் சொன்னதே இல்லை. அதைப் பரப்புவது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். தாங்கள் அடிமைகள் என்று அங்கே தெரியாத ஒருவர்கூடக் கிடையாது. போக முடியாததற்குக் காரணம் பிள்ளைகள், கிழட்டுப் பெற்றோர், நாய்கள், ரோந்துக்காரர்கள்.

நெய்தல்

வழி பற்றி நான் எழுதுகிறேன். வரைபடத்தில் செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையைப் பாருங்கள். சாப்டாங்க் ஆறு டெலவேர் எல்லைப் பக்கம் பிறந்து தென்மேற்காக இறங்கி விரிகுடாவில் விழுகிறது. அதாவது ஆற்றை எதிர்த்து நடந்தால் வடகிழக்கே டெலவேர். மேகம் மூடி வடமீன் தெரியாத இரவிலும் ஆறு வழி சொல்லும். அங்கிருந்து காம்டன், டோவர், வில்மிங்டன். வில்மிங்டனைத் தாண்டிப் பத்து மைலுக்குள் பென்சில்வேனியா எல்லை. மொத்தம் பிலடெல்பியாவரை சுமார் 90 மைல், அதாவது 145 கிலோமீட்டர்.

காகிதத்தில் சுலபமாகத் தெரியும். தரை அப்படி இல்லை. டார்செஸ்டர் முழுக்கச் சதுப்பு. முழங்கால்வரை இழுக்கும் உப்புச் சேறு, ஆளுயரக் கோரை, கழியோடைகள். ஸ்வீட்கம் மரத்தின் காய் காய்ந்து உதிர்ந்தால் நெருஞ்சிபோலச் சுற்றிலும் முள். இரவில் வெறுங்காலில் அதன்மேல் நடக்க வேண்டும்.

அந்தத் தரை ஹாரியட்டுக்குச் சிறுவயதிலேயே பழக்கம். ஆறேழு வயதிலேயே ஜேம்ஸ் குக் என்பவரிடம் வாடகைக்கு விடப்பட்டு, சதுப்பில் மஸ்க்ராட் என்ற நீரெலிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து வர அனுப்பப்பட்டார். மணல்வாரி அம்மை போட்டிருந்தபோதும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பெரியவளானதும் அப்பா பென் ராஸ் வேலைசெய்த மரக்கூப்பில் வேலை. வெட்டிய மரத்தை பால்டிமோருக்கு ஏற்றிப்போன கப்பல்களில் பலவற்றில் மாலுமிகள் கறுப்பினத்தவர். எந்த ஊரில் யாரை நம்பலாம், எந்தப் பாலத்தில் காவல் என்ற தகவல் அந்தப் படகுகளில் போய் வந்தது. வீட்டுவேலைக்காரப் பெண்ணுக்குக் கிடைக்காத படிப்பு அது. அவருடைய வெற்றிக்கு வேர் அந்தக் கூப்புதான் என்று நினைக்கிறேன்.

செங்கதிர்

அருமை, நெய்தல். ஒரு சந்தேகம். அவ்வளவு சேறு என்றால் கோடையில் போவதுதானே வசதி? கிறிஸ்துமஸ் சமயம் என்றே எல்லாக் குறிப்பிலும் வருகிறதே?

தணிகை

இரவு நீளம்தான் காரணம். டிசம்பரில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் இருட்டு. குளிருக்குப் பயந்து ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் அடங்கிவிடுவார்கள். கோடையில் வயலெல்லாம் ஆள் நடமாட்டம், இரவும் குறுகல். கோடை மாதங்களில் அவர் பிலடெல்பியாவிலும் நியூஜெர்சியின் கேப் மே கடற்கரை விடுதிகளிலும் சமையல் வேலை, துணி துவைக்கும் வேலை செய்து பணம் சேர்த்தார். பயணச் செலவு பெரும்பாலும் அந்தக் கூலியிலிருந்துதான்.

கிளம்பும் நாள் சனி இரவு. ஞாயிறு வேலை இல்லை, அடுத்த தோட்டத்தில் இருக்கும் உறவுக்காரரைப் பார்க்கப் போவது வழக்கம், ஆளைக் காணோம் என்று யாரும் தேடமாட்டார்கள். திங்கள் காலைதான் குட்டு வெளிப்படும். விளம்பரம் அச்சாகும் நேரத்தில் இவர்கள் 30, 36 மணி நேரம் முன்னால் இருப்பார்கள். ஒட்டிய நோட்டீஸைக் கிழித்துப்போட ஒரு ஆளுக்குக் காசு கொடுத்து வைப்பதும் உண்டு.

இன்னொரு விதி: அவர் தோட்டத்துக்குள் கால் வைக்கவே மாட்டார். எட்டு பத்து மைல் தள்ளி ஒரு இடம் குறிப்பார், ஆட்கள் அங்கே வந்து சேர வேண்டும். குறித்த நேரத்துக்கு வராதவருக்காகக் காத்திருப்பதில்லை. உடன்பிறந்தவரானாலும் அதே விதி.

மீனலோசனி

அந்த உடன்பிறந்தவர் கதையை முழுசாகச் சொல்லியே ஆகணும், ஏனென்றால் இதுவரை பேசின எல்லாம் அதில் இருக்கிறது.

1854 டிசம்பர். ஹாரியட்டின் சகோதரர்கள் ராபர்ட், பென், ஹென்றி மூவரையும் கிறிஸ்துமஸ் முடிந்ததும் விற்கப்போகிறார்கள் என்று தகவல். ஹாரியட் யாரையோ பிடித்து ஒரு கடிதம் எழுத வைக்கிறார். அனுப்பியது ஜேக்கப் ஜாக்சன் என்ற, எழுதப் படிக்கத் தெரிந்த சுதந்திரக் கறுப்பினத்தவருக்கு. கையெழுத்து அவருடைய வளர்ப்பு மகன் வில்லியம் ஹென்றி ஜாக்சன் பெயரில். உள்ளே செய்தி இதுதான்: கடிதத்தை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டு, சகோதரர்களை எப்போதும் ஜெபத்தில் விழித்திருக்கச் சொல், சீயோன் கப்பல் வரும்போது ஏறிக்கொள்ளத் தயாராக இருக்கட்டும்.

கறுப்பினத்தவருக்கு வரும் தபாலை அதிகாரிகள் பிரித்துப் படிக்கிற காலம். அந்த வளர்ப்பு மகனுக்குப் பெற்றோரும் கிடையாது, உடன்பிறந்தவரும் கிடையாது. படித்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது, அர்த்தம்தான் பிடிபடவில்லை. ஜாக்சனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் ஒரு பார்வை பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. "இது எனக்கு வந்ததாக இருக்க முடியாது, தலையும் புரியலை வாலும் புரியலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே போய்ச் சகோதரர்களிடம் சொல்லிவிட்டார்.

சனி இரவு கிளம்ப வேண்டும். ராபர்ட்டின் மனைவி மேரிக்கு அன்றைக்கென்று பிரசவ வலி. அவளை விட்டுப் போகவும் முடியாது, இருந்தால் விற்றுவிடுவார்கள். குழந்தை பிறந்த பிறகுதான் அவர் கிளம்பினார். அதற்குள் ஹாரியட் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாப்லர் நெக்கில் பெற்றோர் குடிசைக்கு அருகில்தான் ராபர்ட் அவர்களைப் பிடித்தார்.

அங்கே மாட்டுத்தீவனம் போட்டுவைக்கும் கொட்டகையில் ஒளிந்திருந்தார்கள். அம்மா ரிட்டிடம் சொல்லவில்லை, சந்தோஷத்தில் கத்திவிடுவார் என்று பயம். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று அந்த அம்மா சமைத்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பலகை இடுக்கு வழியாக அவரைப் பார்த்தார்கள். சத்தம் போட முடியாது.

அப்பாவுக்குத் தெரியும். சாப்பாடு கொண்டுவந்து வைத்தார், ஆனால் அவர்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவர்கள் கிளம்பும்போது கண்ணை ஒரு துணியால் கட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பிள்ளைகள் கையைப் பிடிக்கக் கொஞ்ச தூரம் நடந்து வந்து நின்றுவிட்டார். பிறகு தேடி வந்தவர்களிடம், "என் பிள்ளைகளை நான் கண்ணால் பார்க்கவில்லை" என்றார். பொய் சொல்லாதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர், அதனால் அந்தச் சொல் எடுபட்டது.

பழைய ஏடு

மீனலோசனி எழுதியதன் தொடர்ச்சி ஏட்டில் இருக்கிறது. 1854 டிசம்பர் 29-ல் வில்மிங்டனிலிருந்து தாமஸ் காரெட் ஒரு கடிதம் எழுதுகிறார். ஹாரியட்டும் ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள், ஹாரியட்டுக்கும் இன்னொரு ஆளுக்கும் காலிலேயே செருப்பு தேய்ந்து போய்விட்டது, இரண்டு டாலர் கொடுத்தேன், என் செலவில் வண்டி அமர்த்தி அனுப்பினேன் என்கிறார். அந்த ஒரு பெண் ஜேன் கேன், தம்பி பென்னின் வருங்கால மனைவி. அவள் ஆண் உடை போட்டுக்கொண்டு தப்பினாள்.

காரெட் க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், இரும்பு வியாபாரி. அடிமைகளுக்கு உதவிய குற்றத்துக்காக 1848-ல் நியூ காசில் நீதிமன்றம் போட்ட அபராதத்துக்குப் பிறகும் நிறுத்தாதவர். பிலடெல்பியாவில் அடுத்த கை வில்லியம் ஸ்டில். வந்தவர் ஒவ்வொருவரின் பெயர், வயது, உடைமைக்காரர் பெயர், விட்டுவந்த உறவுகள் எல்லாம் அவர் எழுதி ஒளித்து வைத்தார். நமக்கு இன்று 70 என்று சொல்ல முடிவதே அந்தப் பதிவேட்டால்தான்.

யாழ்வாணி

குழந்தை பற்றிக் கேட்டீர்களே. அபின் கலந்த வயிற்றுவலி மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார், அந்தக் காலத்து வீடுகளில் சாதாரணமாக இருந்த மருந்து. தூங்கும் குழந்தையைக் கூடையில் போட்டுக் கையில் மாட்டிக்கொள்வது. அளவு குறைந்தால் ரோந்து போகும் நேரத்தில் விழித்து அழும், கூடினால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்து. அளவுக் கரண்டி பார்த்து ஊற்றும் இடமா அது, இருட்டில் ஓடைக்கரையில்?

கைத்துப்பாக்கி வைத்திருந்ததும் உண்மை. நாய்க்கும் ஆள்பிடிப்பவனுக்கும் மட்டுமில்லை. கால் வீங்கி, இனி முடியாது, திரும்பிப் போகிறேன் என்ற ஒருவரிடம் அதைக் காட்டி, நட, இல்லையென்றால் இங்கேயே சாவு என்றார். கொடுமை என்று தோன்றலாம். திரும்பிப் போனவனை அடித்து விசாரித்தால் சோறு போட்ட வீடு, ஒளிந்த கொட்டகை, காரெட் பெயர் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த ஆள் நடந்தார், கனடா போய்ச் சேர்ந்தார்.

தணிகை

யாழ்வாணி சொன்ன பயம் எவ்வளவு நியாயம் என்பதற்கு 1857 மார்ச் சாட்சி. ஹாரியட் சொல்லிக்கொடுத்த வழியில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். பென் ராஸ் அடைக்கலம் கொடுத்தார். டெலவேரில் வழிகாட்டி தாமஸ் ஒட்வெல், ஹாரியட்டே நம்பிய கறுப்பினத்தவர். 3,000 டாலர் பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு அவர்களை நேரே டோவர் சிறைக்குள் கூட்டிப்போனார். உள்ளே கம்பிகளைப் பார்த்ததும் சுதாரித்துக்கொண்டு, அடுப்பு நெருப்பை அள்ளி வீசி, ஜன்னலை உடைத்து வெளியே குதித்துத் தப்பினார்கள். வழி முழுக்கச் சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு கை கெட்டால் இதுதான்.

அதன் பிறகு பென் ராஸ்மேல் சந்தேகம் விழுந்தது. அந்த ஆண்டே ஹாரியட் போய் அப்பா அம்மாவைக் கூட்டி வந்தார். வயதானவர்களால் 90 மைல் நடக்க முடியாது. ஒரு கிழட்டுக் குதிரை, வைக்கோலில் முறுக்கிய கழுத்துப்பட்டை, பழைய வண்டியின் இரண்டு சக்கரம். அச்சின்மேல் உட்கார ஒரு பலகை, அச்சிலிருந்து கயிற்றில் தொங்கவிட்ட இன்னொரு பலகையில் கால். அவ்வளவுதான் வண்டி. காரெட் பணம் கொடுத்து மேலே அனுப்பிவிட்டு, குதிரையை விற்று மீதிப் பணத்தையும் பின்னால் அனுப்பி வைத்தார்.

செங்கதிர்

கனடாவரை ஏன் போக வேண்டியிருந்தது? பென்சில்வேனியா சுதந்திர மாநிலம்தானே?

தணிகை

1850 செப்டம்பர் 18-ல் வந்த ஓடிப்போன அடிமைகள் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தன் தரப்பைச் சொல்லும் உரிமையும் கிடையாது. உடைமைக்காரரிடம் ஒப்படைத்தால் விசாரணை அதிகாரிக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். உதவியவருக்கு 1,000 டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. அதன் பிறகு பிலடெல்பியா பாதுகாப்பில்லை. நியூயார்க், ஆல்பனி, ராச்செஸ்டர், நயாகரா தாண்டி செயின்ட் கேதரின்ஸ்வரை போனால்தான் நிம்மதி.

1856-ல் ஜோ பெய்லி குழு அப்படிப் போனது. ஜோ தலைக்கு 1,500 டாலர், அவர் தம்பி பில்லுக்கு 300, பீட்டர் பென்னிங்டனுக்கு 800. கூட எலைசா மனோக்கி என்ற பெண். வில்மிங்டன் பாலத்தில் போலீஸ் காவல். காரெட் இரண்டு வண்டியில் கொத்தனார்களை ஏற்றி, பகலில் ஆடிப்பாடிக்கொண்டு பாலத்தைக் கடந்து போக வைத்தார். காவலர்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். இரவில் அதே கூட்டம் அதே பாட்டோடு திரும்பியது, வண்டித் தரையில் ஹாரியட்டோடு சேர்த்து ஐவரும் படுத்திருந்தார்கள்.

மீனலோசனி

ஜோவின் முடிவுப் பகுதியையும் சேர்த்துவிடுகிறேன். நியூயார்க்கில் ஒருவர் விளம்பரத்தை வைத்து அவரை அடையாளம் கண்டு சொல்ல, இங்கேயே தெரிந்துவிட்டதே என்று மனசு ஒடிந்துபோனது. அதுவரை பாடிக்கொண்டே வந்தவர் வாயைத் திறக்கவில்லை. நயாகரா தொங்குபாலத்தில் ரயில் ஏறியது. மற்றவர்கள் ஜன்னலில் அருவியைப் பார்க்கிறார்கள், ஜோ தலையைக் கையில் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறார். ஹாரியட் கவனித்தது அருவியை இல்லை. பாலத்தின் நடுவரை தண்டவாளம் ஏறும், பிறகு இறங்கும். ரயில் இறங்கத் தொடங்கியதை உடம்பில் உணர்ந்ததும் ஓடிப்போய் ஜோவை உலுக்கினார்: எல்லையைத் தாண்டிவிட்டோம், நீ சுதந்திரமானவன். அப்புறம்தான் அவர் நிமிர்ந்தார், பாட ஆரம்பித்தார்.

யாழ்வாணி

நோய் பற்றி யாரும் எழுதவில்லையே. பதின்ம வயதில், பக்டவுன் கடையில், தப்பி ஓடிய ஒரு அடிமைமேல் மேற்பார்வையாளர் வீசிய இரண்டு பவுண்டு எடைக்கல் இவர் தலையில் பட்டு மண்டை உடைந்தது. இரண்டு நாள் கழித்து இரத்தமும் வியர்வையும் வழிய மறுபடி வயலுக்கு அனுப்பினார்கள். அதிலிருந்து வலிப்பும் திடீர்த் தூக்கமும் காட்சிகளும். வலிப்பு நோயின் ஒரு வகை என்று இன்று கணிக்கிறார்கள். பயணத்தின் நடுவே அவர் தூங்கிவிட்டால், மற்றவர்கள் அசையாமல் சுற்றி உட்கார்ந்து விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். வழி அவருக்கு மட்டும்தானே தெரியும். தனக்கு வந்த காட்சிகளைக் கடவுளின் குரல் என்று அவர் முழுசாக நம்பினார். அந்த நம்பிக்கையை விலக்கிவிட்டு வெறும் தந்திரசாலியாக மட்டும் அவரை எழுதிவிடாதீர்கள், செங்கதிர்.

நெய்தல்

போர்வைத் தையலில் ரகசியக் குறியீடு என்று ஒரு கதை சுற்றும், அதையும் எழுத வேண்டாம். அது 1990-களில் பரவியது, அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. பாட்டு உண்மை. ஒளிந்திருப்பவர்களுக்கு ஆபத்து இருக்கிறதா இல்லையா என்பதைப் பாடுகிற பாட்டாலேயே தெரிவித்தார்.

எண்ணிக்கைக்கு ஆசைப்படுகிறவர்கள் 1863-ஐப் பார்க்கட்டும். உள்நாட்டுப் போரில் தென் கரோலைனாவின் கம்பாகி ஆற்றில் ஜூன் 1 இரவும் 2 காலையும் நடந்த தாக்குதல். கர்னல் மாண்ட்கோமரியின் கறுப்பினப் படை மூன்று படகில் கிளம்பியது, ஒன்று வழியிலேயே தரைதட்டி நின்றது. ஆற்றில் கண்ணிவெடிகள் எங்கே என்று ஹாரியட்டின் ஒற்றர்கள் முன்பே விசாரித்து வைத்திருந்தார்கள். இரண்டு படகில் 750-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை. அது நெல் விளையும் நாடு. படகைப் பார்த்ததும் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையை அப்படியே தலையில் தூக்கி வைத்து, ஆவி பறக்க ஓடி வந்த பெண்ணை ஹாரியட் பின்னால் விவரித்திருக்கிறார். இத்தனை செய்தவருக்கு 1899-ல்தான் ஓய்வூதியம் மாதம் 20 டாலர் ஆனது. அதற்கு முன் கிடைத்த 8 டாலர்கூட, போர்வீரரின் விதவை என்ற கணக்கில் வந்தது.

செங்கதிர்

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. அவர் தவறவிட்டது எதுவும் உண்டா? ஒரு பயணியையும் இழக்கவில்லை என்று அவரே சொன்னதாகப் படித்தேன்.

பழைய ஏடு

கூட்டி வந்தவர்களில் யாரையும் இழக்கவில்லை. ஆனால் தங்கை ரேச்சலை அவரால் கொண்டுவர முடியவில்லை. பல வருடம் முயன்றார். ரேச்சலின் இரண்டு பிள்ளைகள் பென், ஏஞ்சரின், தாயிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளைகளை விட்டு வர ரேச்சல் மறுத்துவிட்டார். 1860 கடைசியில் ஹாரியட் மறுபடி போனபோது ரேச்சல் இறந்துவிட்டிருந்தார். பிள்ளைகளையாவது கொண்டுவர 30 டாலர் லஞ்சம் கொடுக்க வேண்டும். கையில் 30 டாலர் இல்லை.

வெறுங்கையோடு திரும்பவில்லை. ஸ்டீபன் என்னல்ஸ், மனைவி மரியா, ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பெண்கள், மூன்று மாதக் கைக்குழந்தை. யாழ்வாணி சொன்ன அந்த மருந்தை அந்தக் குழந்தைக்கும் கொடுத்துத்தான், டிசம்பர்க் குளிரில் வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். அதுதான் கடைசிப் பயணம். பென்னும் ஏஞ்சரினும் அங்கேயே இருந்தார்கள்.